காரைதீவுச் செலவு: விபுலாநந்த அடிகளும் கேளாத யாழும்

இவ்விழா மலரின் பதிப்புக் குழுவினர், மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு எம்மைப் பணித்தபொழுது, யாரைப் பற்றி எழுதுவது என்னும் ஐயம் எமக்கு எழவில்லை. மட்டக்களப்பு நாட்டிலே தமிழாசிரியன் ஒருவனிடம் இவ்வாறு கேட்டால் விபுலாநந்த அடிகளின் பெயரே முதலில் நாவில் வரும். எவ்வாறு எழுதுவது என்பதே இடர்ப்பாடாயிற்று. அடிகளைப் பற்றிய கட்டுரை இடம்பெறாத மலர் இந்நாட்டில் அரிது. பிறந்த ஊர், பெற்றோர், வகித்த பதவிகள், இயற்றிய நூல்கள் என்று நிரல்படுத்தி எழுதுதல் எமக்கும் எளிதே. இருபது ஆண்டுகளாக அந்த நிரலையே யாம் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். மாணாக்கரும் அதனையே பார்த்தெழுதி வருகின்றனர். யாழ்நூலை இயற்றியவர் யாவர் என்னும் வினாவுக்குப் பிழையாக விடையெழுதிய மாணாக்கன் எமது வகுப்பில் ஒருவனும் இலன். யாழ்நூல் யாது கூறுகின்றது என்று கேட்ட மாணாக்கனும், அண்மைக்காலம் வரை, ஒருவனும் இலன்.

இந்நிலையில் அமெரிக்காவிலே ஜோர்ஜியா மாநிலத்தில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மடலொன்று வந்தது. அவர் வாழும் பகுதிக்கு அணித்தாய் ரோய்ஸ்ரன் என்னும் சிற்றூர் ஒன்று உளதாம். அவ்வூரில் வளர்ந்த ரை கொப் என்னும் பேஸ்போல் வீரருக்கு 1998ஆம் ஆண்டு ஒரு நூதனசாலை திறந்திருக்கின்றனர். பேஸ்போல் என்பது நம் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுக்களில் ஆடப்பெறும் எல்லேயைப் போன்றதொரு பந்தாட்டம். கொப் என்பார் 1905 முதல் 1928 வரை அவ்வாட்டத்தை ஆடிப் பெரும்பெயர் பெற்றவர். தாம் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அவ்வூருக்கு ஒரு மருத்துவமனையும், வறிய மாணவர் கற்பதற்கு ஒரு நிதியமும் அமைத்தவர். அவர் மட்டையைப் பிடிக்கும் முறை தனியானதென்றும், இரு கைகளுக்கும் இடையே வெளிவிட்டுப் பிடிப்பாரென்றும், அங்கு வரும் சிறுபிள்ளைகளும் அதனை அறிந்து செய்துகாட்டுகின்றனரென்றும் எம் மாணவர் எழுதியிருந்தார். ஈற்றிலே, காரைதீவில் அடிகளுக்கு ஓர் இல்லம் உளதே, நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றதுண்டா என்று ஒரு வரி வினவியிருந்தார். அழைத்துச் சென்றதில்லை. யாமே அவ்வழியாற் பன்முறை பேருந்திற் சென்றும் இறங்கியதில்லை.

அவ்வினா எம்மை உறுத்தியது. எனவே உயர்தர வகுப்பு மாணாக்கர் பதினெண்மரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையிற் புறப்பட்டோம். கல்லூரி நூலகத்திலிருந்த யாழ்நூற் பிரதியையும் உடன் கொண்டு சென்றோம். அப்பிரதியினுள் இருந்த அட்டையில், அதனை இறுதியாக இரவல் பெற்றவர் பெயரும் நாளும் குறிக்கப்பட்டிருந்தன. பெயர் எமது பெயர். நாளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்டது. எடுத்த நான்காம் நாளே திருப்பிக் கொடுத்திருக்கின்றோம். இதனை இம்மலரில் எழுதுவதா விடுவதா என்று சிறிது தயங்கினோம். எழுதுதலே முறையென்று கண்டோம்.

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் அணைத்து நிற்கும் நெடிய நிலத்தின்மீது தெற்கு நோக்கிச் செல்லும் வழி அது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இடைவெளியின்றி வரும். நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலே காரைதீவு. இன்று அஃது அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1961ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்து ஊராகவே இருந்தது. ஒருபால் கடற்கரை, மறுபால் நெல்வயல். நடுவே கண்ணகையம்மன் கோயில். மட்டக்களப்பு நாட்டார்க்குக் கண்ணகி காப்பியத் தலைவி மட்டுமல்லள். வைகாசி மாதத்திலே ஊர்தோறும் வந்திறங்கும் தெய்வமாவாள். அவள் கதையை வழக்குரையாகப் பாடக் கேட்டும், குளிர்த்தியில் நின்றும் வளரும் பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் பள்ளியில் எதிர்ப்படும் புது நூலன்று. இதனை ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் பின்னர்ப் புலப்படும்.

அடிகள் பிறந்த இல்லம் பெரிய மனையன்று. அதனைப் பேணி, மணிமண்டபமும் எழுப்பியிருக்கின்றனர் ஊரார். உள்ளே சுவரில் ஒளிப்படங்கள், அடைப்புக்களில் நூல்கள். துவராடையுடன் அமர்ந்த அந்த உருவத்தை எம் மாணாக்கர் பாடநூல் அட்டையிற் பலகாற் கண்டவர்களாதலின் விரைந்து கடந்து சென்றனர். சிலர் வெளியே நிழலில் நின்று கைப்பேசியிற் படம் எடுத்துக்கொண்டனர். அதிற் குறைகாண்பதற்கு எமக்குத் தகுதியில்லை.

அவ்வில்லத்திலே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்ப் பிறந்தவர் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளோடு அச்சிட்டு வெளியிட்டார். ஏட்டிற் கிடந்த காப்பியம் நூலாய் வெளிவந்த ஆண்டும், அதனுள் மறைந்துகிடந்த இசையை வெளிக்கொணர இருந்தவர் பிறந்த ஆண்டும் ஒன்றாய் அமைந்தன. இதில் ஊழின் கையைக் காண்போர் காண்க. யாம் நாட்காட்டியைமட்டுங் கண்டு வியந்தோம்.

மயில்வாகனன் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தொடக்கக் கல்வி பெற்றார். பின்னர்க் கல்முனையிலும், மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும், புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1908ஆம் ஆண்டு, தமது பதினாறாம் வயதிலே, கேம்பிரிட்ச் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். சிலகாலம் கற்பித்தபின் 1911ஆம் ஆண்டு கொழும்பு ஆசிரிய கலாசாலை புகுந்து, 1912ஆம் ஆண்டு பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளிவந்தார். யாமும் அத்தகைய தராதரப் பத்திரம் ஒன்றை வைத்திருப்பவரே. அது எமது வீட்டில் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகின்றது. அதனோடு எமது படிப்பு நின்றது. மயில்வாகனனார்க்கோ அஃது ஒரு வாயிலாக மட்டும் இருந்தது. மீண்டும் மட்டக்களப்பிற் சிறிது காலம் கற்பித்துவிட்டுக் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து விஞ்ஞானங் கற்றார். 1916ஆம் ஆண்டிலே அங்கு விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார்.

ஓராண்டில் இரண்டு பரீட்சை என்று வாசித்துவிட்டு அப்பாற் செல்லலாகாது. பண்டித பரீட்சை என்பது தொல்காப்பியமும் சங்கநூலும் உரையோடு கற்றார்க்குரியது. விஞ்ஞான டிப்ளோமா என்பது இரசாயன ஆய்வுகூடத்திற் குடுவையுங் கையுமாய் நின்றார்க்குரியது. இவ்விரண்டையும் நாடுவோர் அன்றும் வேறுவேறானவர், இன்றும் வேறுவேறானவரே. எமது கல்லூரியிலே தமிழ் வகுப்பறை நடையின் ஒரு கோடியிலும், பௌதிக ஆய்வுகூடம் மறுகோடியிலும் உள்ளன. இருபது ஆண்டில் அக்கோடிக்கு யாம் சென்றது பரீட்சை மேற்பார்வைக்காக மட்டுமே. மயில்வாகனனார் அந்நடையில் நாள்தோறும் இருபுறமும் நடந்தார் என்க. 1917ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் தாமே கற்றுப் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார்.

இந்துக் கல்லூரி அதிபர் பதவி என்பது அக்காலத்தில் ஒருவர் வாழ்நாள் முழுதும் அமர்ந்திருக்கத்தக்க இருக்கை. அவரோ 1922ஆம் ஆண்டிலே அதனைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். அங்குப் பிரபோத சைதன்னியர் என்னும் பிரமசரியப் பெயர் பூண்டு, இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்த் திங்களிதழுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியராயிருந்தார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமி நாளிலே, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்மாணாக்கரான சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். துறவியாயினும் தமிழை அவர் துறந்தாரல்லர். சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு இயைத்து ஆராய்ந்த மதங்க சூளாமணி என்னும் நூல் துறவு பூண்டபின் வெளிவந்ததேயாம். அந்நூலிலே சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று அவர் வழங்கியிருப்பதை வகுப்பிற் சொன்னால் மாணாக்கர் இன்றும் மகிழ்வர்.

1925ஆம் ஆண்டு ஈழம் மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். காரைதீவிலே சாரதா வித்தியாலயம், யாழ்ப்பாணத்திலே வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலையிலே இந்துக் கல்லூரி என்று அவர் கைபட்ட கல்விக்கூடங்கள் பல. 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். தமது குருவின் பெயரையே அதற்கு இட்டார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாணவர் இல்லம் அமைத்தார். இவற்றைப் பற்றி அப்பாடசாலைகளின் மலர்கள் விரித்துரைத்துள்ளன; யாம் ஈண்டு விரிக்கவில்லை. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். ஆங்கிருந்த நாளில், பகலிற் பட்டவகுப்பு மாணாக்கர்க்குக் கற்பித்துவிட்டு, மாலையிலே ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பாரதியாரைப் புலவராக ஏற்கப் பலர் தயங்கிய அக்காலத்தில், பாரதி பாடல்களைக் கற்பதற்கு அங்கே ஒரு கழகமும் நிறுவினார். சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்குக் கூடிய அறிஞர் குழுவுக்குத் தலைமை தாங்கியதும் அதன்பின் சில ஆண்டுகளில் நிகழ்ந்ததே. விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்குபெற்ற ஒருவரை அவர்கள் வேறெங்குத் தேடியிருப்பர்!

இவ்வளவும் யாம் மாணாக்கர்க்கு அம்மண்டபத்தில் நின்று கூறிக்கொண்டிருந்தோம். இவ்விடம் வரை எமது உரை தங்குதடையின்றிச் சென்றது. பின்னர்ப் பையிலிருந்த யாழ்நூலை எடுத்து, அதிலுள்ள யாழ் உருவங்களைக் காட்டினோம். வில்லைப்போல் வளைந்த வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர் கூறிப் பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண்ணிக்கையும் கூறினோம். அப்பொழுது பின்வரிசையில் நின்ற மாணாக்கன் ஒருவன், வகுப்பிற் பெரும்பாலும் வாய்திறவாதவன், ஓர் ஐயங் கேட்டான். பழைய யாழ் ஒன்றும் எங்கும் கிடைக்கவில்லை என்றும், அதனைக் கேட்டவர் எவரும் அடிகளார் காலத்தில் உயிரோடில்லை என்றும் யாமே சற்றுமுன் சொன்னோமாம். அவ்வாறாயின் எந்த நரம்பு எந்தச் சுரத்தில் ஒலிக்கவேண்டுமென்று அடிகளார் எவ்வாறு அறிந்தார்? அவர் சொன்னது பிழையாயின் அதனைப் பிழையென்று யார் கண்டுபிடிப்பது?

நூலிலே சொல்லப்பட்டுள்ளது என்றோம். அவன் நூலைப் பார்த்தான், எம்மைப் பார்த்தான், பின்னர்த் தலையசைத்தான். எமக்கு முகம் சுட்டது.

மீளும் வழியிற் கல்லடியில் இறங்கி, சிவானந்த வித்தியாலய வளவிலுள்ள அடிகளாரின் சமாதிக்குச் சென்றோம். மரநிழலும் அமைதியும் உடைய இடம். வாவி அணித்தே உளது. நிலவு நாள்களில் கல்லடிப் பாலத்தருகே வாவியின் அடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் இன்னொலியை நீரரமகளிர் இசையாகக் கொண்டு அடிகள் செய்யுள் இயற்றினார். மீன்பாடும் தேனாடு என்று நாம் பெருமை பேசும் அவ்வொலியை யாம் ஒருமுறையும் கேட்டதில்லை. தோணியிலே துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மறுநுனியைச் செவியிற் பொருத்திக் கேட்கவேண்டுமென்று மூத்தோர் கூறுவர். கேளாததொன்றைக் கேட்க முயன்ற மனிதர் இவ்வாவிக்கரையில் வாழ்ந்தது பொருத்தமே என்று அன்று தோன்றிற்று.

அன்றிரவே யாழ்நூலை விரித்தோம். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு இயல்களையுடைய நூல் அது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனது இலக்கணத்தைக் கூறும் 25 அடிகளே அதற்கு வித்து. ஒரு காப்பியத்தின் 25 அடிகளுக்கு ஏறத்தாழ 14 ஆண்டு உழைத்து அவர் கண்ட விரிவே அப்பெருநூல். அக்காதைக்கு அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்கு நல்லாரும் எழுதிய உரைகள் உள. ஆயின் அவ்வுரைகள் இசைமரபு கைம்மாறிப்போன காலத்திற் படிப்போர்க்குப் புரியாத கணக்குகளாய் நின்றன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு கூறப்பட்டுள்ளது. கூட்டினால் 22. தமிழாசிரியர் இதனை மனனஞ் செய்வர். இசைவாணர் தம் வீணையில் வாசிப்பர். இரண்டையும் இணைத்துக் காட்டுவோர் இலர். ஒரு நரம்புக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவு எண்விகிதம் என்பதைப் பௌதிகத்திற் கற்ற பண்டிதர் ஒருவர் வரும்வரை அவ்வெண்கள் காத்துக்கிடந்தன.

யாம் இரவு முழுதும் வாசித்தும் பாதியே விளங்கிற்று. எனவே திங்கட்கிழமை இடைவேளையின்போது நடையின் மறுகோடிக்குச் சென்று, பௌதிக ஆசிரியரைக் கண்டு எமது இடர்ப்பாட்டைச் சொன்னோம். அவர் எம்மினும் இளையவர். சிரித்துக்கொண்டே அலுமாரியிலிருந்து சுரமானியை இறக்கி வைத்தார். சுரமானி என்பது ஒரு நீண்ட மரப்பெட்டி. மேலே ஒரு கம்பி. கம்பியை இழுத்துப் பிடிக்க ஒரு பாரம். கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க நகரும் பாலங்கள். ஒரு நரம்புடைய யாழ் என்றே சொல்லலாம். காரைதீவிற் கேள்வி கேட்ட மாணாக்கனையும் அழைத்து வந்து அருகில் நிறுத்திக்கொண்டோம்.

பௌதிக ஆசிரியர் கம்பியை 60 சென்ரிமீற்றர் நீளத்துக்கு அமைத்து, 256 என்று பொறித்த இசைக்கவையைத் தட்டி, கம்பியின் ஒலி அதனோடு ஒன்றும்வரை பாரத்தைச் சரிசெய்தார். இதனைக் குரல் என்று கொள்க. பின்னர்ப் பாலத்தை நகர்த்திக் கம்பியை நேர்பாதியாக்கி, 30 சென்ரிமீற்றரில் மீட்டினார். அதே குரல் ஒரு மண்டிலம் உயர்ந்து ஒலித்தது. 512 கவையோடு ஒன்றிற்று. அடுத்து மூன்றில் இரண்டு பங்காகிய 40 சென்ரிமீற்றர். 384 கவையோடு ஒன்றிற்று. குரலிலிருந்து எண்ண ஐந்தாவதாகிய இளி அதுவே. கவைகளைக் கேளாமலே, குரலையும் இளியையும் அடுத்தடுத்து மீட்டக் கேட்ட அம்மாணாக்கன், இவையிரண்டும் பொருந்துகின்றன என்று தானே கூறினான். கோயிலிலே சுருதிப்பெட்டி கேட்டு வளர்ந்த செவி அது. நாற்பதிலும் மூன்றில் இரண்டு எடுத்து, அதனை இரட்டித்து ஒரு மண்டிலம் கீழிறக்கினால் 53.3 சென்ரிமீற்றர். அங்கு மீட்ட, துத்தம் பிறந்தது; 288 கவை அதற்குச் சான்று கூறிற்று. குரலிலிருந்து இளிக்கு அலகு 13 என்றும், துத்தத்துக்கு 4 என்றும் உரையாசிரியர் கூறியவை வெற்றெண்களல்ல என்பது அப்பொழுது எமக்கு விளங்கிற்று. நாற்பத்து மூன்று வயதில் விளங்கிற்று.

இதுவே அவன் கேட்ட கேள்விக்கு விடை. அடிகளார் யாழின் ஒலியைக் கேட்டாரல்லர். ஆயின் ஒரு நரம்பிலிருந்து அதன் இளியையும், அவ்விளியிலிருந்து அதன் இளியையும் காணும் வழி நூலில் இருந்தது, மனிதச் செவி அன்றுபோலவே இன்றும் இருக்கின்றது, எண்கள் மாறுவதில்லை. உரையிற் சொன்ன முறைப்படி நரம்புகளைக் கூட்டி, பெறுகின்ற பாலைகள் உரையிற் சொன்ன பெயர்களோடும் தேவாரப் பண்களோடும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்தார். ஓரிடத்திற் பிழைத்தால் மறுவிடத்தில் முட்டும். பிழையென்று கண்டுபிடிப்பது அக்கணக்கேயாம். யாழுக்கும் வீணைக்கும் உள்ள வேறுபாடும் இதனால் தெளிவாகின்றது. வீணையில் ஒரு தந்தி மெட்டுகளின்மீது பல சுரந் தரும். யாழில் மெட்டில்லை, ஒரு நரம்புக்கு ஓரொலியே. வாசிக்க அமரும் முன்னரே எல்லா நரம்புகளையும் பிழையறக் கூட்டியாக வேண்டும். குரலாகக் கொண்ட நரம்பை விட்டு அடுத்த நரம்பைக் குரலாகக் கொண்டால் வேறொரு பாலை பிறக்கும். யாழ் என்பது வீணையின் பழம்பெயர் என்றே பலர் எண்ணியிருந்த காலத்தில், சிற்பங்களையும் செய்யுள்களையும் கொண்டு இதனை வேறு கருவியென நிறுவியவர் அவர். யாழின் பெயரைத் தன் பெயராகவே தாங்கிய பட்டினம் ஈழத்தில் இருந்தும், அங்கு ஒரு யாழும் இல்லாதிருந்தமை அவரை எத்துணை வருத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம்.

அவ்வுழைப்பு ஓரிடத்தில் அமர்ந்து செய்ததன்று. 1939ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலே ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்று, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழுக்கு 1941 வரை ஆசிரியராயிருந்தார். அங்கும் யாழின் நினைவு நீங்கிற்றில்லை. 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்ற, 1943இல் அதன் முதற் தமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்பு வந்தார். இரு நாட்டிலும் முதற் தமிழ்ப் பேராசிரியராயிருந்த பேறு அவருடையது. உடல் நலிந்துகொண்டு வந்தது. நூல் முற்றுப்பெற, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அதனைப் பதிப்பித்தனர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, சம்பந்தர் பாடிய அத்தலத்திலே, யாழ்நூல் அரங்கேறிற்று. அவர் கணித்த முறைப்படி செய்த யாழ்கள் அங்கு இசைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டு எண்களாய் மட்டும் இருந்ததை அந்நாளில் அவர் செவியாற் கேட்டார். ஜூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பில் அவர் மறைந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே ஆறு கிழமையும் சில நாள்களுமே. வயது 55. உடலைக் கல்லடிக்குக் கொணர்ந்து, சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்தனர்.

ஆண்டுதோறும் ஜூலை 19ஆம் நாளிலே மாலையிடுகின்றோம், பேச்சுப்போட்டி நடத்துகின்றோம், முத்தமிழ் வித்தகர் என்று முழங்குகின்றோம். இனிமேலும் அவ்வாறே செய்வோம். ஆயின் இவ்வாண்டு எமது வகுப்பிலே அடிகளார் பாடத்தைக் கரும்பலகையில் எழுதவில்லை. மாணாக்கரைப் பௌதிக ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்றோம். பௌதிக ஆசிரியர் மறுக்கவில்லை. கம்பி அறுந்தால் விலை எம்முடையது என்று மட்டும் கூறிவைத்தார். இரண்டு கம்பிகள் அறுந்தன.

அந்த மாணாக்கன் இப்பொழுது மற்றோர் ஐயத்தோடு வந்திருக்கின்றான். இளிக்கு இளியாகப் பன்னிரண்டுமுறை கண்டு சென்றால் மீண்டும் தொடங்கிய குரலுக்கே வந்துசேர வேண்டுமல்லவா? அவன் தன் கணிப்பொறியிற் கணக்கிட்டுப் பார்த்தானாம். மண்டிலங்களை இறக்கிக்கொண்டு வந்தால், 256இல் தொடங்கியது 256இல் முடியாமல் ஏறத்தாழ 259.5இல் முடிகின்றது. அந்த மூன்றரை எங்கிருந்து வந்தது, பண்டைத் தமிழர் அதனை என்செய்தனர் என்று கேட்கின்றான். நூலிலே சொல்லப்பட்டுள்ளது என்று இம்முறை யாம் விடை கூறவில்லை. இசைநரம்பியலை இருவரும் முதலிலிருந்து வாசித்து வருகின்றோம். நூலகப் பிரதி எம்மிடமே உளது. அதனை வேண்டுவோர் சிறிது காலம் பொறுத்தருள்வாராக.